ஒரு தவளையா, இரண்டா

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். தவளையின் கால்விரல் நுனியைக் கடுகளவு வெட்டி ஆல்கஹால் குப்பியில் போட்டு, அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. அது பாதிக் காரணம். மீதிப் பாதி அவள் வாய்.

அவளுக்கு முன்பே அங்கே வேலையில் இருந்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. மாதிரிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாளர். சாடிகளில் மிதக்கும் தவளை, பல்லி, பாம்பு எல்லாம் அவள் சாவிக்குள் அடக்கம். வீட்டில் "அண்ணி" என்பவள் நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் "மேடம்" என்பாள். அந்த "மேடம்" காதில் விழுந்தாலே கத்தரிக்கோலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பகை முற்றியது ஓர் ஓடைத் தவளையால். நாத்தனார் இளவயதில் மலையேறி அலைந்து, அந்தத் தவளையை இரண்டு இனங்களாகப் பிரித்துப் பெயர் சூட்டியிருந்தாள். கிழக்குச் சரிவில் ஒன்று, மேற்குச் சரிவில் இன்னொன்று. விரலிடைச் சவ்வும் வேறு, குரலும் வேறு. அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த இரண்டு பெயர்கள்தான். கத்தரிக்கோல் இரு சரிவுகளிலும் விரல் நுனிகளைச் சேகரித்து, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபணுவைப் படித்துப் பார்த்தாள். எல்லாம் ஒன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவளே அதைப் போட்டு உடைத்தாள்.

"உன் தவளை ரெண்டு இல்லை, ஒண்ணுதான். ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

"குரலைக் கேட்டீங்களா அண்ணி? மழையில ஒரு நாளாவது அந்த ஓடையில நின்னு கேட்டீங்களா?"

"குரல் வேறயா இருந்தா இனம் வேறன்னா, இந்த வீட்லயே மூணு இனம் இருக்கு."

அண்ணன்காரர் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உங்களுக்குப் பொறாமை. நீங்க பேர் வெச்ச புழு ஒண்ணாவது இருக்கா?" என்று நாத்தனார் எழுந்து போய்விட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. இரண்டு பெயர்களில் ஒன்று வழக்கொழிந்தது. அடுத்த வாரமே மாதிரி அறையின் பூட்டு மாறியது. கத்தரிக்கோல் பல்லிச் சாடியைக் கேட்டால் பழுதுபார்ப்பு நடக்கிறது என்று பதில். பாம்புச் சாடியைக் கேட்டால் மேலிடத்து அனுமதி வேண்டும். அவளும் சளைத்தவளில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "இவங்க சாடி எண்ணினதை நம்பலாம், முடிவு பண்ணினதை நம்ப முடியாது" என்றாள். அதற்குப் பிறகு நாத்தனார் அண்ணன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

ஒரு மரபணுவைப் படிக்கவே திணறிய நிலையத்துக்கு, காலப்போக்கில் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசிக்கும் இயந்திரம் வந்தது. நாத்தனாரின் வாயை ஒரேயடியாக அடைக்க, கத்தரிக்கோல் முதலில் எடுத்தது அந்தப் பழைய குப்பிகளைத்தான்.

முடிவு இரண்டு கிளையாக வந்தது. குப்பிகளைக் கலந்துவிட்டதாக உதவியாளரைக் கடித்துக் குதறிவிட்டு, தானே உட்கார்ந்து மறுபடி செய்தாள். மறுபடியும் இரண்டு. ஆனால் பிளவு கிழக்கு மேற்காக இல்லை. இரு சரிவிலும் உச்சி ஓடைகளில் இருந்தவை ஓர் இனம், அடிவாரத்தில் இருந்தவை மற்றோர் இனம். எந்தக் காலத்திலோ இரண்டும் கலந்தபோது ஒன்றின் தாய்வழி மரபணு மற்றதில் குடியேறிவிட்டது. அதை மட்டும் படித்துத்தான் அவள் ஏமாந்திருந்தாள். நாத்தனாரோ கிழக்கே உச்சியிலும் மேற்கே அடிவாரத்திலும் மட்டும் பிடித்துவிட்டு, மலை முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம். இரண்டு நாள் அந்த நினைப்போடு பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். நாத்தனாரின் வாய்க்கு அவல் கிடைக்குமே என்ற எரிச்சலைவிட, தப்பு தன் பெயரில் நிற்கிறதே என்ற எரிச்சல் பெரிதாக இருந்தது. எழுதி முடித்த கட்டுரையோடு மாதிரி அறைக்குப் போனாள்.

"ரெண்டுதான். ஆனா கோட்டைத் தப்பாப் போட்டிருக்கே. கிழக்கு மேற்கு இல்லை, மேல கீழ."

நாத்தனார் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தாள்.

"இத்தனை வருஷமா என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்க, மேடம்."

"பொய்யின்னு சொல்லலை, தப்புன்னுதான் சொன்னேன். இப்பவும் தப்புதான்."

"நீங்க செஞ்சது?"

"அதுவும் தப்பு. அதுலயே எழுதியிருக்கேன்."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தைக்கு இடம் இல்லையா?"

"ஆராய்ச்சிக் கட்டுரையில அதுக்கெல்லாம் இடம் கிடையாது."

நாத்தனார் தாள்களைத் திருப்பி நீட்டினாள். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

இரண்டு பெயர்களும் மறுபடி புழக்கத்துக்கு வந்தன. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம், "அது எப்பவுமே ரெண்டுதானே" என்று மட்டும் நாத்தனார் சொன்னாளாம். மழை தொடங்கிய நாட்களில் அதே ஆய்விதழில் அவளுடைய மறுப்பு வந்தது. கத்தரிக்கோல் அதை வீட்டில் நடந்துகொண்டே படித்தாள்.

"என்னவாம் அவளுக்கு?" என்றார் கணவர்.

"நடு உயரத்துல ஒரே ஓடையில ரெண்டும் சேர்ந்து கத்துதாம். என் கோடும் தப்பாம்."

"சரி, இதோட விட்டுடேன்."

அவள் குப்பிகளைப் பைக்குள் அடுக்கி, மழைச்சட்டையை மாட்டினாள்.

"இப்ப அவளும் அந்த ஓடையிலதான் இருக்கா," என்றார் அவர் தயங்கித் தயங்கி.

"இருக்கட்டும். ஓடை என்ன, உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"