பிறந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் எழுதிய தடை

அன்றைக்கு வேனில் இருந்தவர்கள்: மாகி டீச்சர், உதவி ஆசிரியர் டேவ், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர், ஓட்டுநர் சுடலைமுத்து அண்ணாச்சி, நான். மொத்தம் பதின்மூன்று. மலையிலிருந்து இறங்கும்போது எண்ணினேன், வனத்துறைச் சாவடியில் எண்ணினேன், களக்காடு ஊருக்குள் திரும்பும்போது மறுபடி எண்ணினேன். ஓடுகிற வண்டியில் ஆள் குறைய வழியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் எண்ணுவேன்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், கெய்ன்ஸ் என்ற ஊரில். ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் பவளப்பாறைக் கடல். இரண்டையும் பார்த்துப் படிக்க வரும் மாணவர்கள் தங்குகிற முகாம் ஒன்றில் எனக்குச் சமையல் வேலை. என் வீட்டுக்காரருக்குப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை; அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன். போய்ப் பன்னிரண்டு வருடமாகியும் எனக்கு அந்த நாட்டில் விசித்திரமாகவே இருப்பது ஒரு காகிதம். பிள்ளைகளைக் காட்டுக்கோ கடலுக்கோ கூட்டிப்போகும் முன் அதை நிரப்ப வேண்டும். இடது பக்கம், என்னென்ன கெட்டது நடக்கலாம். வலது பக்கம், அது நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம். கீழே கையெழுத்து. கவலைப்படுவதற்கென்றே கட்டம் போட்டு அச்சடித்த காகிதம்.

அது என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு தவறான புரிதலால். முதல் வருடம், மதியச் சாப்பாடு கொடுப்பதற்காகப் படகில் கூட வந்திருந்தேன். பிள்ளைகள் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். முகாமை நடத்துகிற மாகி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கிருந்த ஆங்கிலத்தில் “பயம்” என்றேன். “நல்லது, எதெதுக்குப் பயம் என்று நாளைக்கு எழுதிக்கொண்டு வா” என்றாள். ஊரில் அதிகாரி ‘எழுதிக் கொடு’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வேலை போய்விட்டது என்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். போகிறதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று பதினேழு பயங்களைத் தமிழில் எழுதினேன். முதலை, சொறிமீன், தொட்டால் மாதக்கணக்கில் எரிகிற செடி, படகில் ஏறும் ஏணியில் ஆடுகிற நாலாவது படி. வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். மாகி அதைப் படித்துவிட்டு நேராகப் போய் நாலாவது படியை ஆட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் சம்பளத்தைக் கூட்டிவிட்டாள்.

ஊரில் இதே குணத்துக்கு எனக்குக் கிடைத்தது வேறு. “இவ மழை வருமுன்ன கொடையக் காயப்போடுதவ” என்று அண்ணன் சொல்வான். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முண்டந்துறைக்குக் கூட்டிப்போனார்கள். பெயர் கொடுத்த நான், வளைவில் பேருந்து உருளும், யானை மறிக்கும் என்று நினைத்து நினைத்து, முந்தின நாள் சாயங்காலம் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். போனவர்கள் ஒரு வாரத்துக்கு அருவியையும் குரங்கையும் பேசினார்கள். மறு வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. அதற்கும் போகவில்லை. படிப்பு அதோடு சரி. வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது எதிரே நிற்கிற எங்கள் மலையை நான் கீழே இருந்தே பார்த்து வளர்ந்தேன். மழைக்காட்டுக்குள் முதன்முதலில் கால் வைத்தது கடல் தாண்டிப் போய், அதுவும் இட்லிப் பாத்திரம் போன்ற ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது மாகியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்: எங்கள் ஆறு எங்கள் மலையிலேயே பிறந்து பக்கத்துக் கடலிலேயே போய்ச் சேர்ந்துவிடும், காலையில் காட்டில் அட்டை கடித்தால் சாயங்காலம் கடலில் கால் நனைக்கலாம், அந்தக் கடலிலும் பவளப்பாறை உண்டு. ஈரக் கையோடு வரைபடத்தை எடுத்தாள். இரண்டு வருடம் கழித்து ஒன்பது பிள்ளைகளோடு தாமிரபரணிக்குக் கிளம்பினோம். ஊரில் ஒரு கல்லூரிக்காரர்கள் அனுமதியெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மட்டும் மாகி என்னிடமே தந்தாள். உன் ஊர், நீயே எழுது என்றாள்.

எழுதினேன். யானை, பாறை வழுக்கல், ஆற்றுச் சுழல், வெயில், நாய். சாப்பாடு என்ற இடத்துக்கு வந்தபோது கை நின்றது. லியாம் என்றொரு பையன் எங்களோடு வருகிறான். நிலக்கடலை அவனுக்கு ஆகாது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும். அப்படி ஆனால் தொடையில் குத்தவேண்டிய ஊசி, பயணம் முழுக்க என் இடுப்புப் பையில் இருக்கும். மற்ற பிள்ளைகளுக்கும் வயிறு கெட்டால் அவர்கள் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? “உள்ளூர் வீடுகளில் சமைத்த உணவு: கூடாது” என்று எழுதினேன். களக்காட்டில் எங்களுக்கு ஒரே ஒரு வீடுதான், அண்ணன் வீடு. அதை மனதில் வைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

அதை அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. போனில் “பிள்ளைகளக் கூட்டிட்டு வீட்டுக்கு வாளா” என்றான். “வாறோம்ணே, ஒரு பத்து நிமிசம்” என்றேன். மத்தியான வேளையில் பதின்மூன்று பேர் வீட்டுப் படி ஏறினால் பத்து நிமிடத்துக்கு என்ன பொருள் என்று தெரியாதவளா நான்? தெரியும். அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன்.

பயணம் கடலில் தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து படகில் போய்ப் பிள்ளைகள் பவளப்பாறையைப் பார்த்தார்கள். சில இடங்களில் பவளம் வெளுத்துப்போய், சுண்ணாம்பு அடித்தது போல் கிடந்தது. கெய்ன்ஸிலும் அதே வெள்ளையைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஆற்றை எதிர்த்து, ஆழ்வார்திருநகரி வழியாக மேற்கே வந்து, மூன்றாம் நாள் காலையில் களக்காட்டு மலைக்காட்டுக்குள் ஏறினோம். பிள்ளைகள் அளவு நாடாவை நீட்டிப் பிடித்து அதற்குள் முளைத்த கன்றுகளை எண்ணினார்கள். பலாவைப் போல முள்ளாகக் காய்த்திருந்த மரத்தில் பிடரியில் வெள்ளை மயிரோடு ஒரு சிங்கவால் குரங்கு இருந்தது. அந்த மரத்துக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். கெய்ன்ஸ் காட்டு மரமென்றால் பத்துப் பெயராவது சொல்லியிருப்பேன். கூட வந்த வனக்காவலர்தான் “வெடிப்பலா” என்று எடுத்துக் கொடுத்து, என் பக்கம் திரும்பினார்.

“யக்கா, நமக்கு எந்த ஊரு?”

“களக்காடுதான்.”

“இந்தா கீழ இருக்க களக்காடா? அங்கன இருந்து இங்கன வர எத்தன வருசமாச்சு?”

“நாப்பத்தொண்ணு.”

“பரவால்ல. பைய வந்து சேந்துட்டிய.”

அந்தச் சிரிப்போடுதான் மத்தியானம் அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினோம். உள்ளே கால் வைத்ததும் நெய்யும் இஞ்சியும் கலந்து மணத்தது. கூடத்தில் சுவரோரமாக நீளப் பாய் விரித்து, முன்னால் வரிசையாக வாழை இலை. மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“செல்வி, பிள்ளைகளக் கைகால் கழுவச் சொல்லு. சொதி வச்சிருக்கேன். நம்ம குழம்புல காரமில்லாதது அது ஒண்ணுதான, அதுகளுக்கு ஒத்துக்கிடும்.”

சொதி எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு. தேங்காயைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துவிடும். சாதாரண நாளில் யாரும் வைக்க மாட்டார்கள்.

“மைனி, பத்து நிமிசம்னுதான சொன்னேன்.”

“பத்து நிமிசத்துல சாப்பிட முடியாதாக்கும். நீ சின்னதுல ரெண்டு நிமிசத்துல எந்திரிச்சிருவ.”

“வண்டியில பொட்டலம் இருக்கு. ரொட்டி.”

“ரொட்டியா? ஏன், காய்ச்சலா எல்லாத்துக்கும்?”

அண்ணன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். காகிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

“யாரு எழுதுனா? அந்த டீச்சரம்மாவா?”

“நாந்தாண்ணே.”

நான் பின்னாலேயே போக, மைனி அடுக்களைக்குள் போய் அடுப்பை அணைத்தாள். “நம்ம வீட்ட நெனச்சா எழுதுன?”

“ஆமா மைனி.”

அவள் சொதிப் பாத்திரத்தை மூடிவைத்தாள். அப்போது மாகி அந்தக் காகிதம் இருந்த கோப்போடு அடுக்களை வாசலுக்கு வந்தாள். இலைகளைப் பார்த்திருக்கிறாள், பிள்ளைகளும் பார்த்துவிட்டுப் பசியோடு நிற்கிறார்கள். வீட்டுச் சாப்பாடு கூடாது என்று எழுதியிருக்கிறாயே, இங்கே ஏதாவது ஆபத்து உண்டா என்று கேட்டாள். “இது என் வீடு” என்றேன். “அப்படியென்றால் உனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்” என்று சொல்லிக் கோப்பை மூடினாள். சாப்பிடலாம் என்பதற்காக நான் அதைச் சொன்னேன். வீட்டுக்காரியே வேண்டாம் என்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஊரில் என் பயத்தை ஒருவரும் காதில் வாங்கியதில்லை. அங்கேயோ, எழுதிக் கொடுத்துவிட்டால் எனக்கு எதிராகவே அதை நம்புகிறார்கள்.

காகிதத்தின் அடியில் ஒரு வரி உண்டு. எழுதியவர் இடத்தை நேரில் பார்த்து, காரணம் குறித்து, மாற்றி எழுதிக் கையெழுத்திடலாம். அதைத் தொட்டுக் காட்டி, கால் மணி நேரம் கொடு என்று மாகியிடம் கேட்டேன். பிறகு நான் பிறந்து வளர்ந்த அடுக்களையில் மைனிக்கு எதிரே நின்று ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

“என்ன, சானிட்டரி இன்ஸ்பெக்டரா வந்திருக்கிய? கேளுங்கம்மா, ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல.”

“பால் எப்பப் பிழிஞ்சது?”

“பதினோரு மணிக்கு. ரெண்டாம் பால்ல காய் வெந்துச்சு. தலைப்பால் ஊத்தி எறக்கி அரை மணிநேரம் ஆகல.”

“முந்திரி?”

“போடல.”

“தாளிச்சது?”

“நெய்.”

மூலையில் பெரிய தாம்பாளத்தில் உருளைக்கிழங்கு வறுவல் குவித்து வைத்திருந்தது. சொதிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. “இது எதுல பொரிச்சது மைனி?”

முகம் கொஞ்சம் மலர்ந்தது. “கடலெண்ணெய். செக்குல ஆட்டுனது. பிள்ளைகளுக்குக் கடையெண்ணெய் வேண்டாம்னு உங்கண்ணன் நேத்து சேரன்மாதேவி வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தாவ.”

என் கை தானாக இடுப்புப் பைக்குப் போய் ஊசியைத் தொட்டுப் பார்த்தது. நிலக்கடலை ஆகாத லியாமைப் பற்றிச் சொன்னேன். மைனி கூடத்தில் நின்ற பிள்ளைகளை எட்டிப் பார்த்தாள்.

“எந்தப் பய?”

“அந்தச் செம்பட்ட முடிக்காரன்.”

“ஒரு வறுவல் தின்னா உசுருக்கா?”

“ஆமா.”

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அரிகரண்டி, வாணலி, எண்ணெய்த் தூக்கு எல்லாம் அவளே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போட்டாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். திரும்பி வந்து என் எதிரில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“நீ பயந்தது சரிதான், ஏட்டி. ஆனா ஒரு போன் போட்டு, மைனி, கடலெண்ணெய் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நெய்யில பொரிச்சிருப்பேன்லா.”

பதினேழு பயத்தையும், அதற்கப்புறம் வந்த நூறு பயத்தையும் காகிதத்திடம் சொல்லிப் பழகியிருந்தேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமலேயே இருந்துவிட்டேன். அவள் சிரித்திருப்பாள். சிரித்துக்கொண்டே நெய்யை எடுத்திருப்பாள்.

எழுதியதை அடித்துவிட்டு, நேரில் பார்த்தேன், எல்லாம் வெந்து சூடாக இருக்கிறது, கடலெண்ணெயில் பொரித்தது அகற்றப்பட்டது, ஒருவருக்கு மட்டும் பொட்டலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாகி பக்கத்தில் போட்டாள். அதே அடுக்களையில் எண்ணெய் காய்ந்ததால் லியாமுக்கு மட்டும் சொதியைக்கூட நான் அனுமதிக்கவில்லை. அவன் பழக்கப்பட்டவன் போல இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். மைனியால் அதைப் பார்க்க முடியவில்லை. அண்ணனைத் தோட்டத்துக்கு விரட்டினாள். பழுக்கப் போட்டிருந்த தாரிலிருந்து அவன் ஒரு சீப்பு கதலி கொண்டுவந்தான்.

“தோலோட வைக்கேன்னு அவன்ட்ட சொல்லு. உள்ள யாரு கையும் படல, அவனே உரிச்சுக்கிடட்டும்.” அவள் சொன்னதை மாற்றிச் சொன்னேன். அவன் நான்கு பழம் சாப்பிட்டான். ஐந்தாவதை டேவ் பறித்துக்கொண்டார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஓட்டுநர் அண்ணாச்சி உட்பட. நானும் உட்காரப் போனேன். எனக்கு இலை இல்லை.

“என்ன தேடுத?” என்றாள் மைனி. “நீ என்ன விருந்தாளியா? இந்தா, வாளியப் பிடி.”

சொதி வாளியை என் கையில் திணித்தாள். சூட்டில் கைப்பிடி சுட்டது. அதற்குள் நான் நிற்பதை மாகி பார்த்துவிட்டாள். நாம்தான் இவளுக்கு இடம் விட மறந்துவிட்டோம் போல என்று பிள்ளைகளிடம் சொல்லித் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்தவன் தன் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தான், அதற்கடுத்தவளும் நகர்ந்தாள். மாகிக்கும் லியாமுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குப் பாய் தெரிந்தது. மாகி அதைத் தட்டிக் காட்டினாள். இதோ வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“சோறு போட்டாச்சு, சொதிய ஊத்துளா” என்றாள் மைனி, பின்னாலிருந்து.

குனிந்து ஒவ்வொரு இலையாக ஊற்றிக்கொண்டே போனேன். அந்த இடம் வந்தபோது வாளியோடு தாண்டினேன். மறுசோற்றுக்கு வரும்போதும் தாண்டினேன். அவர்கள் சாப்பிட்டு எழும்வரை யாரும் நெருங்கி உட்கார்ந்து அதை மூடவில்லை. நானும் உட்காரவில்லை.