பக்கக் கண்ணாடியில் பதினொரு விநாடி

2008 மே மாதம். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கூடலூரில் சும்மா இருந்த எனக்கு, தேனியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய இளையோர் வீடியோ பயிற்சியில் இடம் கிடைத்தது. மூன்று வாரம். கேமரா, எடிட்டிங் எல்லாம் கற்றுத் தருவார்கள். கடைசியில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்து, அவரவர் ஊரிலேயே திரையிட வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது, காலையில் மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்களின் கதை. ஒரே ஜீப்பில் இருபது பேருக்கு மேல் அடைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டார். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், முன் இருக்கையில் இருந்த அவரைப் பின்னாலிருந்து படம் பிடித்தேன்.

“நான் சொல்றத வெட்டிராத பாப்பா. மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது. ஏஜென்ட் பாத்தாகன்னா மறுநாளே ஜீப்புல ஏத்த மாட்டாக.”

“சத்தியமாத் தெரியாதுக்கா” என்றேன். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புவது ஏஜென்ட்தான். அவர் வேலைக்குப் போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

திரையிடலுக்கு முதல் நாள் காலை, தேனியில் படத்தைப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தோம். அக்காவின் முதுகு, கொண்டை, நாங்கள் மாற்றி வைத்த குரல். எல்லாம் சரியாக இருந்தது. “ஏய், கண்ணாடியப் பாரு!” என்றாள் பயிற்சியில் என்னோடு இருந்த ஒரு பெண். ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் அக்காவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. முழுதாகப் பதினொரு விநாடி. ஏஜென்ட், டிரைவர் எல்லோரையும் நானே வீடு தேடிப் போய்த் திரையிடலுக்கு அழைத்திருந்தேன்.

“வெட்டிருவோம்மா” என்றார் எடிட்டிங் சொல்லித் தந்த அண்ணன்.

“அக்கா முக்கியமாப் பேசுறதே அதுலதான். அத எடுத்துட்டா படத்துல என்னண்ணே இருக்கு?”

மங்கலாக்கிப் பார்த்தோம். படம் எடுத்தபோது என் கை ஆடியிருந்ததால், மங்கலைத் தாண்டிக் கண்ணும் மூக்கும் எட்டிப் பார்த்தன. ஒரே வழிதான். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படங்கள். பதினொரு விநாடிக்கு இருநூற்று எழுபத்தைந்து. ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டுடியோக்காரர்கள் பருவைத் துடைக்கும் அதே மென்பொருளில், முகத்தின் மேல் வானத்தை நகலெடுத்து ஒட்ட வேண்டும். நானும் அந்தத் தோழியும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். நடுவில் இரண்டு மணி நேரம் கரண்ட் வேறு போனது. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது கண்ணாடியில் வானம் மட்டும் இருந்தது. முகம் இருந்த டேப்பை அங்கேயே அழித்தேன்.

மறுநாள் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் படம் ஓடியபோது நான் திரையைப் பார்க்கவே இல்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். “யாருப்பா இது பேசுறது?” என்று ஏஜென்ட் சத்தமாகக் கேட்டார். அந்த ஜீப்பில் போகும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

படம் முடிந்ததும் அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துப் போனார். பிறகு, “இப்பத் தெரியலைல்ல? விடு. இனிமே நல்லாப் பாத்து எடு” என்றார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவர் ஜீப்பில் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த எடிட்டிங் அண்ணன் சொல்லித்தான், இப்படி அழிப்பதற்கென்றே சென்னையில் வேலை இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டுடியோ நேர்காணலில் அந்தப் பதினொரு விநாடியைக் காட்டினேன். “இதுல நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? ஒண்ணும் தெரியலையே” என்றார் அதிகாரி. விளக்கிச் சொன்னேன். அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொன்னார்கள்.

இன்று சினிமாச் சண்டைக் காட்சிகளில் நடிகர்களைத் தூக்கும் கயிறுகளையும் கம்பிகளையும் அழிப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஒருவர் என் வார்த்தையை நம்பிக் கேமரா முன் உட்கார்ந்தால் அவரைக் காப்பது என் பொறுப்பு என்பதை, எந்த ஸ்டுடியோவும் கற்றுத் தருவதற்கு முன்பே அந்த அக்காவிடம் கற்றுக்கொண்டுவிட்டேன்.