பத்துக்குப் பன்னிரண்டு

இருளப்பன் தோட்டத்தில் பிறந்தவர் என்பது அவருடைய ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. சொந்த ஊர் எது என்று கேட்டால் "தெல்தோட்டைப் பக்கம்" என்பார். அதற்குமேல் ஓர் அடி நகரமாட்டார். கண்டியில் கிளார்க் வேலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தண்ணீர் பட்ட பாடாய்ச் சிங்களம். நானும் அவரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகள்தான் லயம். அறையைக் காம்பரா என்போம். ஒரு காம்பராவில் ஏழு பேர் படுத்திருக்கிறோம். இதை ஊரறியச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

எனக்கும் கண்டியிலேயே, வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் உத்தியோகம். அடுத்தவர் காசை எங்கே போடலாம் என்று யோசனை சொல்வதில் நான் கெட்டிக்காரன். என் காசைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது, இருந்தால்தானே சொல்வதற்கு.

மூன்று வருஷத்துக்கு முன் இருளப்பனின் மனைவி துஷானிக்குத் தகப்பன் வழியில் பங்குக் காசு வந்தது. இருளப்பன் நேரே என்னிடம் வந்தார். மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருந்தார். பிலிமத்தலாவையில் ரோட்டோரக் கடை ஒன்று; மாதா மாதம் வாடகை தவறாது, ஆனால் விலை ஏற்கெனவே உச்சியில் இருந்தது. கலகெதரயில் வெறுங்காணி, விலை ஏறும், ஆனால் அதுவரை ஐந்து சதம் வராது. பேராதனையில் ஒரு பழைய வீடு. பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரியும் பக்கம் என்பதால் காணி விலை ஏறும், குடியிருக்கவும் ஆள் வரும்.

பேராதனை வீட்டை வாங்கச் சொன்னேன். துஷானியின் பெயரிலேயே வாங்கச் சொன்னேன். அவளுக்கு வேறு வருமானம் இல்லை. வாடகை அவள் கணக்கில் வந்தால் வரி எல்லைக்குள் அடங்கிவிடும். இருளப்பனின் சம்பளத்தோடு சேர்ந்தால் எல்லையைத் தாண்டும். அதுவரை எல்லாம் சரி. இடித்தது மீதிக் காசுக்கு எடுக்க வேண்டிய வங்கிக் கடன்தான். மாதத் தவணை எழுபதாயிரம். ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் நாற்பதாயிரம் வரும். விலை ஏறும் என்று காத்திருக்கும் மனிதனுக்கு அதுவரை மாதம் முப்பதாயிரம் யார் கொடுப்பது?

அதற்கும் நானே வழி சொன்னேன். ஆபீஸ் கடதாசியின் பின்பக்கத்தில் படம் போட்டேன். வீட்டின் உள்சுவர்களை இடித்துப் பலகைத் தடுப்பு வைத்தால் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் ஒரு நடை. எட்டு அறை, அறைக்குப் பத்தாயிரம். தச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி அறையின் அளவைக் கேட்டபோது, இருளப்பன் யோசிக்காமலே "பத்துக்குப் பன்னிரண்டு" என்றார். நான் தலையாட்டினேன். எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம், கொல்லையில் ஒரு பொதுக் குழாய். படத்தைப் போட்டது நான், அளவைச் சொன்னது அவர், இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஏழு அறைகள் சீக்கிரம் நிரம்பின. எட்டாவதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தபோது, ராக்கம்மா வந்தாள், எங்கள் பழைய தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறிக்கிறவள். மகள் லோஜினிக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி வேலை கிடைத்திருந்தது. வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் வந்தவள், இருளப்பனைக் கண்டதும் அவருடைய அம்மாவின் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். இருளப்பன் நடைப் பக்கம் திரும்பி, மற்ற அறைக்காரர்கள் யாரும் கேட்டார்களா என்று பார்த்தார். நான் அதைக் கவனித்தேன்.

ராக்கம்மா கதவடியில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எங்கே அடுப்பு வைக்கலாம், எங்கே பாய் விரிக்கலாம் என்று மகளுக்குக் கையால் காட்டினாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"நம்ம காம்பரா அளவேதான் புள்ள. ஒனக்குப் பழகுன எடம், பயமில்லாம இருக்கலாம்" என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "லயத்த விட்டு எறங்கட்டும்னுதான் தம்பி இவள இம்புட்டுப் படிக்க வச்சேன். பரவாயில்ல, கொஞ்ச நாளைக்குத்தானே" என்றாள்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நம்மாளுடைய வீடு என்ற சந்தோஷம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. லோஜினிதான் எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இருளப்பன் என்னைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. தடுப்புகளைப் பிரித்து நாலு பெரிய அறையாக்கிவிடுவோம் என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலு அறை, அறைக்குப் பதினையாயிரம், மொத்தம் அறுபது. தவணைக்குப் பத்தாயிரம் துண்டு விழும். அவர் போனில் அந்தத் தொகையைப் பார்த்தார்.

"அப்ப இப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்ததும் ராக்கம்மா முன்பணத்தை நீட்டினாள். சனிக்கிழமைகளில் தானும் வந்து மகளோடு ஓர் இரவு தங்கலாமா என்று கேட்டாள். இருளப்பன் என்னைப் பார்த்தார். வெளியாள் தங்கினால் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்பது நான் எழுதிய ஒப்பந்தத்தில் ஆறாவது நிபந்தனை.

"அதுக்குத் தனியா ஆயிரம் ரூவாக்கா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் போடமுடியாது. ராக்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்தாள். இருளப்பன் அதைப் பார்க்காமல் வாங்கி, வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தோட்டத்து லயத்தில் சொந்தக்காரர் வந்து தங்கினால் யாரும் காசு கேட்டதில்லை.

வீட்டின் விலை இப்போது ஒன்றரை மடங்கு. தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை, வரியிலும் சிக்கல் இல்லை. என் யோசனைகளிலேயே அச்சொட்டாகப் பலித்தது இதுதான். இருளப்பன் இதற்கு எனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

லோஜினி பதினொரு மாதம் இருந்தாள். போன தை மாதம் ராக்கம்மா எனக்குப் போன் எடுத்தாள். மகள் பிலிமத்தலாவையில் இரண்டு அறை உள்ள தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம். அம்மாவையும் அங்கேயே கூட்டிப் போகிறாளாம்.

"வெள்ளிக்கிழம காலையில பால் காய்ச்சுறோம் தம்பி. நமக்கு டவுன்ல வேற யாரு இருக்கா? நீங்க ரெண்டு பேரும்தான் முன்னுக்கு நிக்கணும்."

வருகிறோம் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் இருளப்பன் என் ஆபீசுக்கு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார். பிலிமத்தலாவைக்கு ஆபீஸ் வாசலிலேயே பஸ் வரும். பதினொரு மணி வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து தன் வேலைக்குப் போனார்.