நாகக்கன்னியின் டோப்பா

பொருட்காட்சியில் எங்கள் கூடாரத்துக்கு மட்டும் ஒரு சுரங்கப்பாதை இருந்தது. பின்பக்கத் தட்டியிலிருந்து மேடைக்கு அடிவரை வெட்டிய பள்ளம். மேலே பலகை, பலகைக்கு மேல் மண். அதில் தவழ்ந்துபோய், மேடை ஓட்டை வழியே தலையை நீட்டினால் கழுத்தைச் சுற்றிப் பஞ்சடைத்த துணிப்பாம்பு. தலை பெண், உடல் பாம்பு: அதிசய நாகக்கன்னி! பசுமலைக் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த நான், அந்த ரகசியம் தெரிந்தே ஆகவேண்டும் என்றுதான் கோடை விடுமுறையில் அங்கே சேர்ந்தேன். வழக்கமாகத் தலை நீட்டும் கூடாரத்து அக்காவுக்குப் பல் வீங்கியதும் ரகசியமே நானாகிவிட்டேன். வீட்டில் டைப்ரைட்டிங் வகுப்பு என்று சொல்லியிருந்தேன்.

ஒரே தொல்லை என் முடி. காதை மூடும் ஸ்டெப் கட்டிங், ஆசை ஆசையாக வளர்த்தது. அதன்மேல் நாகக்கன்னியின் பொய்முடி, அந்தச் சடைவைத்த டோப்பா, நிற்காமல் வழுக்கியது.

"ஒட்ட வெட்டிரு மாப்ள," என்பார் முதலாளி.

"உசுரே போனாலும் மாட்டேண்ணே."

இன்னொன்றை யாருமே எதிர்பார்க்கவில்லை. திருமங்கலத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள். மறுநாள் சொம்பில் பால் வந்தது. ஊற்றியதெல்லாம் என் கழுத்து வழியே சுரங்கத்துக்குள் இறங்கியது. பாலைத் தேடி எறும்பு வந்தது. கடி தாங்காமல் நான் நெளிய, கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்படி நெளிந்துகொண்டிருந்த ஒரு மாலையில் சொம்போடு முன்னால் வந்து நின்றது என் அம்மா. நீல பல்பு வெளிச்சம், என் முகம் நிறைய மஞ்சள், மூக்குத்தி. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"தாயே, எம்மவன் பரீட்சை எழுதிட்டு முழிச்சுக்கிட்டுத் திரியுறான். பாஸாயிட்டா திருப்பரங்குன்றத்துல அவனுக்கு மொட்டை போடுறதா வேண்டியிருக்கேன். நீயும் கூட இருந்து பாத்துக்க."

"மொட்டை வேண்டாம் மகளே!" என்றேன், குரலைக் கீச்சாக்கி.

அம்மா நிமிர்ந்தாள். "ஆத்தா, மொட்டை ஒனக்கில்ல, முருகனுக்கு. நீ எதுக்குப் பதறுற?"

"ஒரு தேங்காய் போதும்..."

"மயிலு காலுல கெடக்குற பாம்பு, இதுக்கு இம்புட்டு வாயா!"

பாலை ஊற்றாமலே போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போனபோது தீர்ப்பு தயாராக இருந்தது. "பாம்பு குறுக்க பேசிருச்சுடா. முருகன் கோவிச்சுக்குவான். ரிசல்ட்டெல்லாம் அப்புறம், காலையிலேயே முடி எடுத்துருவோம்."

"பாம்பெல்லாம் பேசாதும்மா," என்றேன், பௌதிகம் படித்தவனாக.

"என் காதால கேட்டேன்டா!"

மறுநாள் சந்தனம் பூசிய தலையோடு சுரங்கத்தில் தவழ்ந்தேன். டோப்பா அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். தலையை மேலே நீட்டினேன். முன்வரிசையில் ஒரு பெண் காற்றை மோந்து பார்த்தாள்.

"சந்தனம் மணக்குதுடி... சாமி எறங்கிருச்சு!" என்று சொம்பை எடுத்தாள்.