மூடி மாறிய கட்டுவிரியன்

செத்துப் பல வருஷமான ஒரு பாம்பு, மூடிய புட்டிக்குள் கிடந்தபடியே மலைமேல் இருக்கிற குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். எப்படி? யோசித்துக்கொண்டே படியுங்கள். கல்லூரி அருங்காட்சியக வேலையில் புட்டிக்குள் இருப்பதைவிட, மேலே எழுதியிருப்பதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். யாரோ பூட்டிவிட்டுப் போன அலமாரியின் சாவியை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

வாலின் அடிப்பக்கம்

கள்ளக்குறிச்சிக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குக் காப்பாளராக மாற்றலாகி வந்ததும், பாம்புகள் கெடாமல் ஊறிக் கிடக்கும் மருந்தைப் புட்டிபுட்டியாக மாற்றினேன். 'வெள்ளிக்கோல் வரையன் - விஷமில்லை' என்ற புட்டியில் இருந்த பாம்பு, நிறம் போய், வால் பக்கம் சில வளையங்கள் மட்டும் லேசாகத் தெரிய, ஊறிய கயிறு போலக் கிடந்தது. நிறம் போனால் செதிலைத்தான் பார்க்க வேண்டும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, ஆறு பக்கத்தோடு இருந்தன. வாலின் அடியில் செதில்கள் இரண்டிரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக ஓடின. பார்க்கக் கட்டுவிரியன் போலவே இருந்தாலும், வெள்ளிக்கோல் வரையனுக்கு இப்படி இருக்காது. இது கட்டுவிரியன்.

'கட்டுவிரியன் - கொடிய விஷம்' என்ற புட்டியைத் திறந்தேன். அதற்குள் இருந்ததுதான் அப்பாவிப் பாம்பு. விலங்கியல் பேராசிரியரை அழைத்து வந்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். போன வருஷம் கல்வராயன் மலைப் பள்ளிப் பிள்ளைகள் வந்தபோது, 'விஷமில்லை' மூடி போட்ட இந்தக் கட்டுவிரியனைக் காட்டி, "வூட்டுக்குள்ள வந்தா அடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"இன்னாத்தங்க சொல்றது, நல்லா மனப்பாடம் பண்ண வச்சில்ல அனுப்பினோம்" என்றார்.

ஆயுத பூஜை

இரண்டும் எப்படி மாறின? உதவியாளர் ஏழுமலையைக் கேட்டேன். ஆயுத பூஜைக்கு அலமாரியை ஒழித்து, எல்லா மூடிகளையும் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மூடுவது இங்கே வழக்கமாம். பெயர் எழுதியிருப்பது மூடியில். பாம்பின் உடம்பில் ஒரு சீட்டுக்கூடக் கட்டவில்லை.

"எல்லா மூடியும் ஒரே சைசு சார். செத்த பாம்புக்கு எத போட்டு மூடினா இன்னா?" என்றார்.

பஸ்ஸில்

மறுநாள் காலையிலேயே இரண்டு புட்டிகளையும் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். பைக்குள் எட்டிப் பார்த்த கண்டக்டர், "ஊறுகாயா சார்?" என்றார். இல்லை, பாம்பு என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"மடியிலயே வச்சிக்கினு வாங்க. பக்கத்து சீட்டு காலியாதான் இருக்கும்."

செல்வியின் தம்பி

போன வருஷம் பிள்ளைகளை அழைத்து வந்த பூங்கொடி டீச்சரின் வகுப்பில், மூடியில் இருந்த பெயர்களை மறைத்து இரண்டு புட்டிகளையும் மேஜைமேல் வைத்து, "எது ஒன்றும் செய்யாது?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் வால் பக்கம் வளையம் தெரிந்த கட்டுவிரியனைக் காட்டின. டீச்சர் பெருமையாகச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்த செல்வி எழுந்தாள். "போன மாசம் இது எங்க பாயாண்ட வந்துச்சு சார். அப்பா தடி எடுத்தாரு. நாந்தான் வாணாம், ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன். தம்பி வால தொட்டுப் பாத்துக்கினு இருந்தான். அப்பறம் அதுவே வெளிய போயிடுச்சு."

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தம்பி?" என்றேன். அடுத்த அறையில் ஒன்றாம் வகுப்பு. அங்கே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பையனைக் காட்டினாள்.

இனி எந்தப் பாம்பு வந்தாலும் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள் என்றேன். லென்ஸைச் செல்வியிடம் கொடுத்தேன். முதுகுச் செதிலையும் வாலடியையும் வெகுநேரம் பார்த்தாள்.

"போன வருஷம் அந்த சாரும் இப்பிடிதான் சார், நல்லா பொறுமையா சொன்னாரு" என்றாள்.

இரண்டு பாம்புகளின் உடம்பிலும் இப்போது பெயர்ச்சீட்டு கட்டியாயிற்று. இந்த வருஷச் சுற்றுலாவுக்கு எங்கள் அருங்காட்சியகமா, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையா என்று டீச்சர் கேட்டபோது, செல்வி சர்க்கரை ஆலை என்றாளாம்.