காஜா மட்டும்தான் பாக்கி

நாளைக்கு மாஸ்டர் என்றால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். தையல் கடைக்கு யார் வந்து துணி கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பார். நாளைக்குப் போனால், "எல்லாம் முடிஞ்சிடுச்சு சார், காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். பட்டன் நுழைகிற துளைதானே, அதற்கென்ன நேரமாகிவிடும் என்று வந்தவரும் நம்பித் திரும்புவார். காஜா பாக்கி என்றால் துணியில் இன்னும் கத்திரியே படவில்லை என்று பொருள். இது தையல்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

இப்பேர்ப்பட்ட மனிதர் காதிலேயே ஒரு கம்பெனி பூச்சுற்றிவிட்டுப் போயிற்று.

மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு கேமைக் காட்டினாள். இரண்டு பேர் சேர்ந்து கப்பல் ஓட்ட வேண்டும். ஒருவர் மேலே சுக்கான் பிடிப்பார், இன்னொருவர் கீழே எஞ்சினுக்குக் கரி போடுவார்.

"நான் மேல, நீங்க கீழப்பா" என்று அவளே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் உருகிப்போனார். மிஷினுக்கு முன்னால் குனிந்தே போகிற பொழுதில், பெண்ணோடு உட்கார இப்படி ஒரு சாக்கு கிடைத்ததே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கேம் இன்னும் முடியவில்லை என்று கம்பெனியே எழுதியிருந்தது. ஆனாலும் இப்போதே வாங்கலாமாம், முடிந்தபின் விலை ஏறுமாம். இதற்கு 'ஏர்லி ஆக்சஸ்' என்று கௌரவமான பெயர் வேறு. 'இருவர் ஆட்டம் கூடிய விரைவில் வரும், சில இறுதி வேலைகள் மட்டுமே மீதம்' என்றும் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் தினமும் அவர் சொல்கிற அதே பொய்தான். அச்சில் பார்த்ததும் உண்மை மாதிரி இருந்தது. வாங்கிவிட்டார்.

திறந்து பார்த்தால், இரண்டாவது மாலுமி சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றான். கரி போட ஆளில்லை. சுக்கானை விட்டுவிட்டு மாஸ்டரே கீழே ஓடினால் கப்பல் பாறையில் போய் முட்டியது. பாறைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்தது தனிக்கதை.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றால், கொஞ்ச நேரத்துக்குமேல் ஆடியவர்களுக்குக் கிடையாதாம். கப்பல் திரையில் வருவதற்குள் நாலு காலர் தைத்துவிடலாம் என்று கேமை ஓடவிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்திருந்தார் மாஸ்டர். கணக்கில் அத்தனையும் அவர் ஆனந்தமாக ஆடிய நேரம்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி சும்மா இருப்பாரா? "அரை மாத்திரையைக் குடுத்துட்டு, மீதி அப்புறம் வரும்னு நாங்க சொன்னா கடையை உடைச்சிருப்பாங்க" என்றார்.

"பெரிய வேலைம்மா, பொறுமை வேணும்" என்றார் மாஸ்டர். கம்பெனிக்கு அப்படியொரு வக்கீல் கூலியில்லாமல் கிடைத்தார்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. மாலுமிக்கு விதவிதமான தொப்பி செய்து தனி விலைக்கு விற்றது. அடுத்து விமானம் ஓட்டும் கேம் ஒன்றையும் அரைகுறையாகவே விற்க ஆரம்பித்தது. கையை விரித்து நின்றவன் மட்டும் அப்படியே நின்றான்.

இதற்கு நடுவில் மகள் எத்தனையோ தடவை கேட்டாள். "அப்பா, இது வேற கேம், முழுசா முடிஞ்சது. ரெண்டு பேரும் ஆடலாம், வாங்க." ஒரு தடவை கேரம் போர்டையே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள்.

"இரும்மா, நம்ம கப்பல் வந்துடட்டும்" என்பார் அவர். சட்டைக்காரர்களை அனுப்புகிற அதே குரல். அவளும் அவர்களைப்போலவே திரும்பிப் போவாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை, அப்டேட் வந்ததா என்று பார்ப்பதில் அத்தனை மும்முரம்.

பள்ளி முடிந்தது, கல்லூரி முடிந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்து விமானம் ஏறினாள். அவளுக்காகத் தைத்த கோட்டை மட்டும் சொன்ன நாளில், காஜா பட்டனோடு கொடுத்தார். கடையின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால், வந்தேவிட்டது இருவர் ஆட்டம். மாலுமி கையை இறக்கிவிட்டு மண்வெட்டியோடு நின்றான். கீழே ஒரு வரி: இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன் அருகருகே அமர்ந்து ஆடவும்.

மாஸ்டர் மகளுக்கு போன் போட்டார். "கண்ணு, கப்பல் வந்துடுச்சு! நீ எப்பம்மா வர்றே?"

"அட, நிஜமாவா!" என்று சிரித்தாள். பின்னால் யாரோ அவளை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. "சீக்கிரமே வந்துடறேன்ப்பா. எல்லாம் ரெடி. லீவு கேக்கறது மட்டும்தான் பாக்கி."

"சரிம்மா" என்றார் மாஸ்டர். துணியில் இன்னும் கத்திரி படவில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன?