சோழவந்தானில் பெண் பார்த்த கதை

மனநோய் தணிந்து வீடு திரும்பியவர்கள் அப்புறம் என்ன ஆகிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் தேடிப் போய்ப் பார்த்ததில்லை. நான் போகிறேன் என்று கிளம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற கூட்டத்தையே பார்க்க ஆளில்லை, இவள் வீடு தேடிப் போகிறாளாம் என்று சக டாக்டர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதே வீம்பு அதிகம். வருடம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அதே கேள்விகளைக் கேட்டு எழுதினேன். அந்த ஆராய்ச்சிதான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது.

ஆஸ்பத்திரி ஜீப் ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் அப்புறம் கல்யாணப் பேச்சு எழாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால் சோழவந்தானில் ஜீப்பை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, நானும் எங்கள் நர்சம்மாவும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு ஒரு வெற்றிலை விவசாயி வீட்டுக்கு நடந்து போனோம். எங்களிடம் வைத்தியம் பார்த்துத் திரும்பிய அவர் மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பெண்ணின் அம்மா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. நல்ல மறைப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிற்பாடு வெளிநாட்டு மேடைகளில் இதை வேடிக்கையாகச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன்.

நாங்கள் போகும்போதெல்லாம் அவள் தலை நிறையப் பூ வைத்து, பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருப்பாள். மரியாதைக்காக என்று நினைத்தேன். பதினோராவது வருடம். தூக்கம், பசி, காதில் குரல் என்று எல்லாம் கேட்டேன். தெளிவாகப் பதில் சொன்னாள். தாளை மடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள்:

"மாப்ள வீட்டுல இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையா டாக்டரம்மா?"

தவறான நம்பிக்கை ஏதும் உண்டா என்று என் தாளில் ஒரு கேள்வி இருந்தது. இதை நோய் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? அந்த நம்பிக்கையைக் கொடுத்ததே நான்தான். அப்படி யாரும் இல்லையம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வருடம் வேறொருவரை அனுப்பினேன். அத்தோடு ஆராய்ச்சியும் முடிந்தது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். எழுதிக் குவித்த கட்டுரைகள் எதையும் மனம் தேடுவதில்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்றுதான் ஏங்குகிறது. கையில் தாள் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்தது தப்பு என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். போன மாதம் அவள் தம்பிக்குப் போன் செய்து, வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் டாக்டரம்மா. அக்கா இப்பத்தான் பூ வைக்கிறத விட்டுருக்கு. நீங்க வந்தா மறுபடியும் பட்டுச்சேலையக் கட்டி உக்காந்துரும்."